காய்ச்சல் காலத்தில் வேட்டைப் பயணம்

2014 ஆகஸ்ட் 8ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலாப் பரவலைப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் அது வேட்டைப் பருவத்தின் நடுப்பகுதி. அங்கே மே முதல் செப்டம்பர் வரை குளிரும் வறட்சியும் சேர்ந்த மாதங்கள். புல் காய்ந்து இலை உதிர்ந்து, விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வரும் காலம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டிக் காத்திருந்த வேட்டைக்காரர்கள் பலர் பயணத்தைக் கைவிட்டார்கள், அல்லது தள்ளிப்போட்டார்கள். நோய் பரவிக்கொண்டிருந்ததோ கினி, சியரா லியோன், லைபீரியா என்ற மூன்று நாடுகளில். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து ஜோஹானஸ்பர்க் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர். அதே மன்ரோவியாவிலிருந்து மாட்ரிட் 4,000 கிலோமீட்டருக்கும் குறைவு. பிரேசிலின் கிழக்குக் கரை 3,000 கிலோமீட்டர்தான். இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு பரந்த ஒரு கண்டத்தை ஒரே ஊராக நினைத்ததால் வந்த அச்சம் அது.

அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. வேட்டைக்கும் எபோலாவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. அது 2014இல் பயந்தவர்கள் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். தொற்றுக் காலத்தில் வெளிநாட்டு வேட்டைக்குப் போகலாமா, போனால் நலமாகத் திரும்புவது எப்படி என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நோய் எங்கே இருக்கிறது? எந்த வழியாக ஒருவருக்கு வருகிறது? நோய் நம்மைத் தொடாவிட்டாலும், நோய்க்கு அஞ்சி நாடுகள் போடும் கட்டுப்பாடுகள் நம்மை என்ன செய்யும்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. என் பார்வையில் பயணியின் உடல்நலத்தை அதிகமாகத் தீர்மானிப்பது அதுவே.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. வெற்றிச் சின்னமாகக் கொம்பு தேடிப் போவது சரியா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவோடு மசாய் மாராவுக்கும் செரெங்கெட்டிக்கும் போகும் தமிழர் இன்று ஏராளம். காட்டு ஆய்வுக்குப் போகும் மாணவர்களும் உண்டு. கீழே வருவதில் பாதிக்கு மேல் அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் எபோலா. அது காற்றில் மிதந்து வரும் நோய் அல்ல. நோயுற்றவரின் இரத்தம், வாந்தி, மலம் போன்ற உடல் நீர்மங்கள் நேரடியாகப் பட்டால் தொற்றும். இறந்தவர் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பும்போதும் தொற்றும். தொற்றியபின் அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் ஆகும். அறிகுறி வருமுன் தொற்றுக்கு ஆளானவர் பிறருக்குப் பரப்புவதில்லை. 2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டு என்ற சிற்றூரில் தொடங்கிய பரவல் 2016இல் ஓய்வதற்குள் ஏறத்தாழ 28,600 பேரைத் தொற்றி 11,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இவர்களில் பெரும்பாலோர் நோயாளியைக் கவனித்த உறவினர்கள், செவிலியர்கள், இறுதிச் சடங்கில் கலந்துகொண்டவர்கள். நைஜீரியாவுக்கு விமானத்தில் வந்து சேர்ந்த நோய், தொடர்புகொண்ட ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கண்காணித்ததால், 20 பேரோடு நின்றுபோனது. தென்னாப்பிரிக்கா அதே ஆகஸ்டில் அந்த மூன்று நாடுகளிலிருந்து வரும் வெளிநாட்டவருக்குக் கதவை அடைத்தது. அந்நாட்டுக்குள் எபோலா வந்தது அதற்கு முன் ஒருமுறைதான். 1996இல் காபோனில் நோயாளிகளைக் கவனித்த மருத்துவர் ஒருவர் தாமே நோயுற்று ஜோஹானஸ்பர்க்கில் சிகிச்சை பெற்றார். அவர் பிழைத்தார். அவரைக் கவனித்த செவிலியர் இறந்துபோனார். லிம்போப்போவின் முள்மரக் காட்டில் மான் தேடி நடப்பவருக்கும் இந்தத் தொற்றுச் சங்கிலிக்கும் இடையே எந்தக் கண்ணியும் இல்லை.

மழைக்காட்டுப் பக்கம் திரும்பினால் கதை மாறுகிறது. 1996 தொடக்கத்தில் காபோனின் மாயிபூ கிராமத்தில், காட்டில் இறந்து கிடந்த சிம்பன்சி ஒன்றை உணவுக்காக எடுத்துவந்தார்கள். அதை அறுத்துக் கூறுபோட்ட 19 பேர் நோயில் விழுந்தார்கள். அதே ஆண்டில் பூவே பகுதியில் தொடங்கிய அடுத்த பரவலின் முதல் நோயாளி காட்டு முகாமில் வாழ்ந்த ஒரு வேட்டைக்காரர். அந்தப் பரவல் 60 பேரைத் தொட்டு 45 பேரைக் கொண்டுபோனது. அதற்கும் முன்பு, 1994இல் ஐவரி கோஸ்ட்டின் தாய் என்ற காட்டில், இறந்த சிம்பன்சியைப் பிரேதப் பரிசோதனை செய்த ஆய்வாளர் ஒருவர் தொற்றுக்கு ஆளாகி உயிர் பிழைத்தார். 2001 முதல் 2003 வரை காபோன், காங்கோ எல்லைக் காடுகளில் நடந்த பரவல்களை ஆராய்ந்தவர்கள், கொரில்லா, சிம்பன்சி, சிறு காட்டுமான் ஆகியவற்றின் சடலங்களைக் கையாண்டதில் பல சங்கிலிகள் தொடங்கியதைக் கண்டார்கள். அந்த ஆண்டுகளில் காங்கோவின் லொசி சரணாலயத்தில் கொரில்லாக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. காட்டு விலங்குகள் கூட்டமாகச் சாவதுதான் அங்கே முதல் எச்சரிக்கை மணி.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவே செய்தியாக இருந்தபோது, காங்கோ ஜனநாயகக் குடியரசின் போவெண்டே அருகே தனியான ஒரு எபோலாப் பரவல் தொடங்கியது. கணவர் கொண்டுவந்து கொடுத்த காட்டு விலங்கை அறுத்த கர்ப்பிணிப் பெண்தான் முதல் நோயாளி. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவப் பணியாளர்கள் அடுத்து விழுந்தார்கள். மொத்தம் 66 பேர் நோயுற்று 49 பேர் இறந்தனர். வேட்டையாடியவர் ஒருவர், கத்தி பிடித்தவர் இன்னொருவர். ஆபத்து கத்தி பிடித்த கையைத் தேடிப் போயிற்று. இதைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவேன்.

ஆகவே காமரூனிலோ மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலோ மழைக்காட்டுக்குள் போங்கோ மான் தேடிப் போகிறவருக்கு எபோலாவைப் பற்றிய கவலை நியாயமானது. அந்த ஆண்டு செய்தித்தாளில் எபோலா இல்லாவிட்டாலும் நியாயமானது. இறந்து கிடக்கும் எந்த விலங்கையும் தொடக்கூடாது. மண்டையோடு அழகாக இருக்கிறது, பல் வேண்டும் என்று எடுக்கக்கூடாது. குரங்கினத்தின் இறைச்சியும் வௌவால் இறைச்சியும் முகாமின் சட்டியில் இருந்தால் மரியாதையோடு மறுத்துவிட வேண்டும். தள்ளாடும் விலங்கு, மனிதரைக் கண்டும் ஓடாத விலங்கு, இவற்றைச் சுடுவதும் அறுப்பதும் வேண்டாம். வௌவால் அடையும் குகைகளுக்குள் நுழைய வேண்டாம். உகாண்டாவின் மரமகம்போ காட்டில் மலைப்பாம்புக் குகை என்று ஒன்று சுற்றுலாப் பயணிகளை ஈர்த்துவந்தது. 2008இல் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நெதர்லாந்துப் பெண் எபோலாவின் உறவான மார்பர்க் நோயால் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பு அதே குகைக்குப் போய்வந்த அமெரிக்கப் பெண் கடும் நோய்ப்பட்டுப் பிழைத்தார். அவருக்கு வந்தது மார்பர்க் என்பதே ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

தடுப்பூசி வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2019இல் ஒப்புதல் பெற்ற எர்வெபோ, எபோலாவின் சயீர் வகைக்கு எதிரானது. பரவல் நடக்கும் இடத்தில் நோயாளிகளோடு தொடர்பில் வந்தவர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் போடுவதற்கானது, சுற்றுலாப் பயணிக்கானது அல்ல. 2022 செப்டம்பரில் உகாண்டாவின் முபெண்டே பகுதியில் தொடங்கிய பரவல் சூடான் வகை. அதற்கு எதிராக ஒப்புதல் பெற்ற தடுப்பூசி எதுவும் அன்று இல்லை. 2023 ஜனவரியில் அது ஓய்ந்தபோது உறுதியான நோயாளிகள் 142, இறந்தவர்கள் 55. பரவல் நடக்கும் மாவட்டத்துக்கு வேட்டைக்குப் போகாதிருப்பதே அந்நேரத்தில் ஒரே தடுப்பு. பயணியின் நலத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அங்குள்ள மருத்துவமனையின் ஒவ்வொரு படுக்கையும் அந்த ஊர் மக்களுக்குத் தேவைப்படும் நேரம் அது.

இனி புல்வெளி நாடுகளில் வேட்டைக்காரரை உண்மையில் வீழ்த்துபவை. முதலிடம் மலேரியாவுக்கு. எபோலாப் பரவல் தொடங்கிய 2013ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவால் உலகில் 5,84,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்காவில். ஆயினும் அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் லிம்போப்போ, ம்புமலாங்கா, குவாசூலு நட்டாலின் வடகிழக்கு ஆகிய பகுதிகளின் தாழ்நிலங்களில் உண்டு. கிழக்குக் கேப் பகுதியில் இல்லை. நமீபியாவில் வடக்கேயும், ஆற்றோரமாக நீளும் சாம்பெசி, கவாங்கோ பகுதிகளிலும் உண்டு. தெற்கின் வறள்நிலத்தில் இல்லை. சாம்பியா, மொசாம்பிக், தான்சானியாவின் வேட்டைப் பகுதிகளில் ஏறக்குறைய எங்கும் எதிர்பார்க்கலாம். எந்த நாடு என்பதைவிட எந்த மாவட்டம், எந்த மாதம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் போவது நல்லது.

தடுப்பு மாத்திரைகளில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். அடோவகுவோன், புரோகுவானில் கலந்த மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் திரும்பியபின் 7 நாள் எடுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளினும் ஓரிரு நாள் முன்பே தொடங்கலாம், ஆனால் திரும்பியபின் 4 வாரம் தொடர வேண்டும். வெயில் பட்டால் தோல் எரியும். நாள் முழுதும் வெட்டவெளியில் நடக்கும் வேட்டைக்காரருக்கு அது சிறிய குறையல்ல. வாரம் ஒருமுறை எடுக்கும் மெஃப்ளோகுவின் சிலருக்குத் தலைசுற்றல், பதற்றம், கொடுங்கனவு, மனக்குழப்பம் தரக்கூடியது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைத் தோளில் தாங்கி, பக்கத்தில் மனிதர்களோடு நடப்பவருக்கு இந்த மருந்து ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. எந்த மாத்திரையும் முழுக் காப்பு அல்ல. மாலையில் கைகால் மூடும் உடை, டீட் கலந்த கொசு விரட்டி, மருந்து தோய்த்த வலை ஆகியவையும் வேண்டும்.

தொற்றுக் காலம் மலேரியாவை இன்னும் அபாயமாக்குகிறது. மலேரியாக் காய்ச்சலுக்கும் எபோலாவின் தொடக்கக் காய்ச்சலுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. சுரம், தலைவலி, உடல்வலி, வாந்தி எல்லாம் ஒன்றே. 2014இல் விமான நிலையங்களில் உடல்வெப்பம் அளந்தார்கள். காய்ச்சலோடு நிற்பவரைத் தனிமைப்படுத்தினார்கள். எபோலா ஐயத்தில் தனிமை அறைக்குள் வைக்கப்பட்ட பயணிகளில் பலருக்கு இருந்தது மலேரியா. இரத்தத்தைத் தொட ஆய்வகம் தயங்கிய இடங்களில், ஒரு துளி இரத்தத்தில் தெரிந்திருக்க வேண்டிய மலேரியா தாமதமாகத் தெரிந்தது. ஃபால்சிபேரம் வகை மலேரியாவில் ஒரு நாள் தாமதமும் உயிரோடு விளையாடுவதாகும். காய்ச்சலோடு யாரையும் ஏற்ற மாட்டோம் என்று மருத்துவ விமான நிறுவனங்கள் தயங்கிய காலமும் அதுவே. காட்டு முகாமிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போக வேறு வழி இல்லாதவருக்கு அந்தத் தயக்கமே தண்டனை. ஆக, எபோலாவிலிருந்து 5,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரையும் எபோலா தொடும். அவருடைய சாதாரணக் காய்ச்சலை ஐயத்துக்குரிய காய்ச்சலாக மாற்றித் தொடும். தொற்றுக் காலத்தில் பயணம் செய்பவரின் முதல் வேலை எந்தக் காய்ச்சலும் வராமல் பார்த்துக்கொள்வது என்று நான் சொல்வது இதனால்தான். புறப்படுமுன் போடும் ஃபுளூ தடுப்பூசிக்கும் இந்த வகையில் பெரிய மதிப்பு உண்டு.

அடுத்தது உண்ணி. தென்னாப்பிரிக்க வேட்டையிலிருந்து திரும்புவோருக்கு வரும் காய்ச்சல்களில் மலேரியாவுக்கு இணையாகவே உண்ணிக்கடிக் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். ரிக்கெட்சியா ஆப்பிரிக்கே என்ற நுண்ணுயிரால் வருவது. கடித்து ஒரு வாரம் போல ஆனதும் காய்ச்சல், கழுத்துவலி, கடுமையான தலைவலி வரும். கடித்த இடத்தில் தீக்காயம் போலக் கறுத்த பொருக்கு இருக்கும். ஒரே ஆளுக்குப் பல பொருக்குகள் இருப்பது இந்த நோயின் அடையாளம். நார்வேயின் பயணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், தென்பகுதி ஆப்பிரிக்காவுக்குப் போவதும் அங்கே வேட்டையாடுவதும் இந்தக் காய்ச்சலுக்கான வாய்ப்பைக் கூட்டுவதைத் தெளிவாகக் கண்டார்கள். கால்நடையும் காட்டு விலங்கும் மேயும் புல்லுக்குள் தவழ்ந்து, உட்கார்ந்து, காத்திருப்பது வேட்டையின் இயல்பு. உண்ணிக்கு அதைவிட என்ன வேண்டும்? நல்ல செய்தி, டாக்ஸிசைக்ளினுக்கு இது விரைவில் பணியும். கெட்ட செய்தி, ஊர் திரும்பியபின் காய்ச்சல் தொடங்குவதால் மருத்துவர் உடம்பைச் சோதித்துப் பொருக்கைத் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றுவதில்லை.

உடையில் பெர்மெத்ரின் தெளித்துக் காயவைத்து உடுத்துவது, காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுவது, மாலைக் குளியலின்போது இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் பார்ப்பது, ஒட்டிய உண்ணியைக் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பது ஆகியவை போதும். நெருப்புக் குச்சியால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். விரல்களால் நசுக்கவே கூடாது. ஏனென்றால் அதே நாட்டில் ஹயலோமா என்ற இன்னோர் உண்ணி கிரிமியன் காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலைச் சுமக்கிறது. அரிதாக வந்தாலும், வந்தவர்களில் பத்தில் ஒருவர் முதல் நால்வர் வரை இறக்கும் நோய். உண்ணி கடித்தும் வரும், விலங்கின் புது இரத்தம் பட்டும் வரும். 1996இல் அவுட்ஷூர்ன் பகுதியின் நெருப்புக்கோழி அறுப்புக்கூடத்தில் 17 தொழிலாளர்களுக்கு வந்தது. தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போனவர்களை உண்ணி மூலம் பிடித்த குரங்குக் காய்ச்சல் வயநாட்டையும் நீலகிரியையும் எட்டியிருக்கிறது. அங்கும் விதி அதுவே. செத்த குரங்கைத் தொடாதே, அது கிடந்த இடத்துக்குப் போகாதே.

சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கு, ஜிம்பாப்வேயின் சாம்பெசிக் கரை, தான்சானியாவின் காடுகள் ஆகியவை வேட்டைக்குப் பெயர்பெற்றவை. ட்செட்சே ஈக்கும் அவையே வீடு. அதன் கடி ஊசி குத்தினாற்போல் வலிக்கும். மிகச் சில ஈக்களே உறக்க நோயைச் சுமந்தாலும், கிழக்கு ஆப்பிரிக்க வகை சில மாதங்களுக்குள் கொல்லக்கூடியது. 2001இல் தான்சானியாவின் தேசியப் பூங்காக்களுக்குப் போய்வந்த பயணிகள் பலர் இதற்கு ஆளாயினர். கொசு விரட்டி இந்த ஈயிடம் அவ்வளவாகப் பலிக்காது. மெல்லிய துணியைத் துளைத்தும் கடிக்கும். கடும் நீலமும் கறுப்பும் அதை ஈர்க்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளே அந்த நிறத் துணிகள்தான். ஓடும் வண்டியைத் துரத்தி வரும் என்பதால் திறந்த வண்டியில் போகிறவர் தடித்த காக்கித் துணி அணிவது நல்லது.

பிறகு, விலங்குகளுக்குள்ளேயே நடக்கும் கொள்ளைநோய்கள். மனிதத் தொற்று செய்தியானால் உலகமே பேசும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) செய்தியானால் அந்த மாவட்டத்துக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. 2017 அக்டோபரில் நமீபியாவின் ப்வாப்வாட்டா தேசியப் பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்யானைகள் அடைப்பானால் மடிந்து ஆற்றில் மிதந்தன. 2011இல் சாம்பியாவின் சாமா மாவட்டத்தில் நீர்யானைகள் செத்தபோது பசித்த மக்கள் அந்த இறைச்சியை எடுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு அடைப்பான் கண்டதாக ஐயுறப்பட்டது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நீர்யானை ஒரு கிராமத்துக்குப் பல நாள் உணவு. ஆனால் பணம் கொடுத்து வேட்டைக்கு வருகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் புறப்படுமுன் அந்தப் பகுதியின் கால்நடைத் துறையிடம் அடைப்பான், ரேபிஸ், ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் பற்றி முகாம் நடத்துபவர் மூலமாகக் கேட்க முடியும். 2010இல் தென்னாப்பிரிக்காவில் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் பரவியபோது நோயுற்றவர்களில் பெரும்பாலோர் விலங்குகளோடு வேலை செய்த பண்ணையாட்களும் கால்நடை மருத்துவர்களுமே. கனமழை பெய்த ஆண்டுகளில் கொசுவோடு வரும் நோய் அது.

ரேபிஸ் என்றதும் நாய் நினைவுக்கு வரும். நமீபியாவில் அது குடு மான்களுக்கிடையே பரவுகிறது. 1977இல் தொடங்கிய அந்தப் பரவலில் திருகிய கொம்புள்ள அந்தப் பெரிய மான்கள் ஆயிரக்கணக்கில் மாண்டன. அதற்குப் பின்னும் அலையலையாக வந்திருக்கிறது. எச்சில் ஒழுக்கிக்கொண்டு, அச்சமின்றிப் பண்ணை வீட்டு முற்றத்துக்கு வந்து நிற்கும் குடுவை எளிதான வேட்டை என்று நினைப்பவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார். மண்டையோட்டைச் சுத்தம் செய்யும் கைக்கும், மூளையைத் தோண்டி எடுக்கும் கைக்கும் அது இன்னும் பெரிய ஆபத்து. தொலைதூர முகாமில் ரேபிஸ் எதிர்ப்புப் புரதம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தால் கடிபட்டபின் அந்தப் புரதம் தேவைப்படாது, இரண்டு ஊசியோடு முடியும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழை எல்லையில் கேட்பார்கள் என்பதால் அதை எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். ரேபிஸ் ஊசியை யாரும் கேட்பதில்லை என்பதால் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே கத்தி பிடித்த கைக்குத் திரும்புகிறேன். வேட்டை முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு விருந்தினர் முகாமுக்குப் போய்விடுவார். விலங்கு தோலுரிக்கும் கொட்டகைக்குப் போகும். வயிற்றைத் திறப்பவர், தோலை உரிப்பவர், குடலைக் கழுவுபவர், மண்டையோட்டை வேகவைப்பவர் எல்லாரும் அந்த ஊர்த் தொழிலாளர்கள். இரத்தம் வழியாக வரும் ஒவ்வொரு நோயும் முதலில் அவர்களைத்தான் சந்திக்கும். பல கொட்டகைகளில் கையுறை இல்லை, கண் கவசம் இல்லை. கத்தி வழுக்கி விரல் அறுபட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை தொடரும். வேட்டைக்காரரின் உடல்நலம் பற்றிய கையேடுகள் அவருடைய வயிற்றுப்போக்குக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகின்றன. தடம் பார்ப்பவரையும் தோலுரிப்பவரையும் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இல்லை. இதை நான் ஒரு பிழையாக மட்டும் பார்க்கவில்லை, அநீதியாகப் பார்க்கிறேன். தடித்த கையுறை, அதன் மேல் மெல்லிய கையுறை, கண்ணாடி, சோப்பு, ஓடும் தண்ணீர் ஆகியவற்றின் விலை ஒரு தோட்டாப் பெட்டியின் விலைக்கு மேல் போகாது. முகாமைத் தேர்ந்தெடுக்கும்போதே கொட்டகையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இல்லையென்றால் பெட்டியில் எடுத்துப் போகலாம். விருந்தினர் கேட்டால் முகாம் மாறும். பணம் அவரிடம் இருந்து வருகிறது.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு என்பதைக் கோவிட் காட்டிற்று. 2020 மார்ச் 27 முதல் தென்னாப்பிரிக்கா முழு ஊரடங்கில் இருந்தது. எல்லைகள் மூடியதால் அந்த ஆண்டின் வேட்டைப் பருவம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. நமீபியாவில் 1996இன் சட்டப்படி உருவான எண்பதுக்கும் மேற்பட்ட சமூகக் காப்பகங்கள் உண்டு. காட்டுக் காவலர்களின் சம்பளத்துக்கும் கிராமத்துக்கு வரும் இறைச்சிக்கும் வேட்டை வருமானத்தை நம்பியிருந்தவை பல. அவற்றைத் தாங்கிப்பிடிக்க அவசர நிதி திரட்ட வேண்டியதாயிற்று. எல்லை திறந்தபின் கேள்வி தலைகீழானது. விமானத்தில் வந்திறங்கும் விருந்தினர்தான் இப்போது நோயைச் சுமந்து வரக்கூடியவர். ஒரே வண்டியில் தோளோடு தோள் உரசி உட்கார்பவர் தடம் பார்ப்பவர். அவருடைய கிராமத்திலிருந்து ஆக்சிஜன் உள்ள மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கலாம். சளியும் இருமலுமாக இருப்பவர் பயணத்தைத் தள்ளிப்போடுவது தடம் பார்ப்பவருக்காகச் செய்யும் கடமை.

2021 நவம்பர் இறுதியில் ஓமிக்ரான் வகையைத் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் கண்டறிந்து நேர்மையாக உலகுக்கு அறிவித்தார்கள். பரிசாகக் கிடைத்தது பயணத் தடை. பிரிட்டன் ஓரிரவில் ஆறு நாடுகளின் விமானங்களை நிறுத்திற்று. காட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் விமானம் இல்லாமல் நின்றார்கள். அமெரிக்கா 2021 ஜனவரி முதல் 2022 ஜூன் வரை ஊர் திரும்புவோரிடம் தொற்றில்லாச் சான்று கேட்டது. முகாமின் கடைசி நாளில் சோதனையில் தொற்று தெரிந்தவர் தன் செலவில் தங்க நேர்ந்தது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினமும் மாத்திரை எடுப்பவர்கள் வேட்டைக்குப் போவோரில் நிறைய உண்டு. வயதும் வசதியும் சேர்ந்து வருவதுதானே வழக்கம். அவர்கள் குறைந்தது 3 வாரத்துக்குக் கூடுதலான மருந்தைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். காப்பீட்டில் கொள்ளைநோய்க்கு விலக்கு உண்டா, தனிமைப்படுத்தல் செலவைத் தருமா, காய்ச்சல் நோயாளியை ஏற்றும் மருத்துவ விமானம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் தரும் உறுதியை நம்ப வேண்டாம். இதயநோயும் வாகன விபத்தும்தான் வெளிநாட்டில் பயணிகள் இறப்பதற்கான பெரிய காரணங்கள். எபோலாவுக்கு அஞ்சி இருக்கைப் பட்டையை மறந்தவர் கணக்கைத் தவறாகப் போட்டவர்.

உணவு, தண்ணீர், காலணி மண் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கரடி, காட்டுப்பன்றி இறைச்சியை உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவைக்க வேண்டும். 2005இல் கனடாவின் கியூபெக்கில் கருங்கரடியைச் சாப்பிட்ட பிரெஞ்சு வேட்டைக்காரர்களுக்குத் தசைக்குள் குடியேறும் டிரிக்கினெல்லா புழு வந்தது. வடதுருவப் பகுதியின் டிரிக்கினெல்லா வகை உறைபனியிலும் சாகாது என்பதால் இறைச்சியை உறைய வைப்பது காப்பாகாது. ஏரியிலும் மெதுவான ஆற்றிலும் இறங்காதிருப்பது பில்ஹார்சியாப் புழுவிலிருந்து காக்கும். ஊர் திரும்பும்போது காலணியின் மண்ணைக் கழுவ வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொடாது, ஆனால் மண்ணிலும் இரத்தக் கறையிலும் ஒட்டிப் பயணிக்கும். 2020 செப்டம்பரில் ஜெர்மனியின் காட்டுப்பன்றிகளுக்குள் அது நுழைந்தபின் வேலி, வேட்டைத் தடை, பண்ணைக்காரர்களின் இழப்பு எல்லாம் தொடர்ந்தன. அதே ஆண்டு அசாமிலும் வந்து ஏழைகளின் பன்றிகளைக் கொன்றது.

மருத்துவரைப் பார்க்கச் சரியான நேரம் புறப்படுவதற்கு 6 முதல் 8 வாரம் முன்பு. ரேபிஸ், மஞ்சள் காய்ச்சல், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் இவற்றுக்கு அந்த அவகாசம் தேவை. திரும்பியபின் வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று விடக்கூடாது. முதல் 21 நாளில் வந்தால், பரவல் நடந்த பகுதியை நெருங்கியிருந்தால், மருத்துவமனைக்குள் நுழையுமுன் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் வந்தால் மலேரியா இல்லை என்று உறுதியாகும்வரை மலேரியாவாகவே கருத வேண்டும். சில வகைகள் ஓராண்டு கழித்தும் வரும். மருத்துவரிடம் மாவட்டத்தின் பெயர், தேதி, எந்த விலங்கைத் தொட்டது, அறுத்தது, எந்த மாத்திரையை எத்தனை நாள் விட்டது என்பதைச் சொல்ல வேண்டும். நோய் இன்னதென்று உறுதியானால் அன்றே முகாமுக்கும் தகவல் சொல்ல வேண்டும். அதே விலங்கின் தோலை உரித்தவருக்கும் அதே வாரம் காய்ச்சல் கண்டிருக்கலாம். அவருடைய ஊர் மருத்துவமனைக்கு எந்த நோயைத் தேட வேண்டும் என்பது அந்தத் தகவலால்தான் தெரியும்.